கண்ணாடிக் கோப்பையும் ஓலைப் பட்டையும்

பிப்ரவரி கடைசியில் நாங்கள் ஐந்து பேர் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து நாசிக் போய் வந்தோம். கிராமப்புறக் கூலிப் பெண்களோடு வேலை செய்கிறவர்களுக்காக அங்கே நான்கு நாள் பயிற்சி. பயிற்சி எல்லாப் பயிற்சிகளையும் போலத்தான் இருந்தது. வட்டமாக உட்கார்ந்தோம், அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினோம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூங்கி வழிந்தோம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பயிற்சி முடிந்து ஊர் சுற்றிய இரண்டு நாட்களும், ஊருக்குத் திரும்பிய பிறகு நடந்த ஒரு நாளும்தான் எங்களுக்குள் இன்னும் தீராமல் இருக்கின்றன.

ஐந்து பேரில் மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள். எல்லோரும் தாமிரபரணிக் கரை காலனித் தெருக்களில் பிறந்தவர்கள். இருவர் சமூகவியலில் எம்.ஏ. மூத்தவருக்கு அறுபது வயது நெருங்குகிறது. அவரை எல்லோரும் அண்ணன் என்றே கூப்பிடுவோம். இளையவளுக்கு இருபத்துநான்கு. பெயர்கள் வேண்டாம். இதில் சிலர் சொன்னவை வீட்டுச் சங்கதிகள்.

நாசிக் என்றால் எங்களுக்கு முதலில் காலாராம் கோயில். 1930 மார்ச் 2 அன்று புரட்சியாளர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு ஊர்வலமாக வந்து நின்ற இடம். கதவுகளைச் சாத்திவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து ராமர் தேரை எல்லோரும் சேர்ந்து இழுக்கலாம் என்று சமரசம் பேசிவிட்டு, அன்றைக்குக் கல்லெறிந்தார்கள். அந்தப் போராட்டம் ஐந்து ஆண்டுகள் இழுத்தது. இன்று வாசலில் பூ விற்கிறார்கள், செருப்புக்கு டோக்கன் கொடுக்கிறார்கள். யாரும் சாதி கேட்கவில்லை. கறுப்புக் கல் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அண்ணன் சொன்னார்: "அஞ்சு வருஷம் நின்னு பாத்துட்டுதான், இது வேண்டாம்னு போயிருக்காரு."

எங்களைச் சுற்றிக் காட்டியவர் நாசிக் தோழர் ஒருவர். மராத்தியில் அக்காவைத் 'தாயி' என்கிறார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். மறுநாள் காலை அவர்தான், "பனை ஊரிலிருந்து வந்திருக்கிறீர்கள், திராட்சை ஊரைப் பார்க்காமல் போகலாமா" என்று ஜீப்பில் ஏற்றினார். கங்காபூர் அணைக்கு அப்பால், மேல்பாகம் வெட்டிவிட்டாற்போலத் தட்டையாக நிற்கும் கரும்பாறை மலைகள். அவற்றில் ஒன்றின் சரிவில் ஒரு சிறிய ஒயின் ஆலை.

நம் ஊரில் சாராயக் கடைக்கு 'ஒயின் ஷாப்' என்று பெயர். சுவரில் 'ஒயின்ஸ்' என்று சிவப்பில் எழுதியிருந்த காலம் எங்களுக்கு நினைவிருக்கிறது. உள்ளே ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். அந்த வார்த்தையோடு எங்களுக்கு இருந்த ஒரே உறவு அதுதான். மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் குழந்தைகளோடு காரில் வந்து இறங்கி, தொப்பி போட்டுக்கொண்டு போட்டோ எடுப்பதைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறிப் போனோம். வாசலில் நுழைவுச் சீட்டு, கூடவே ஐந்து வகை ருசி பார்க்க அனுமதி. நான்கு சீட்டு வாங்கினோம். இளையவள் தனக்கு வேண்டாம் என்று விட்டாள். உள்ளே வந்தாள், கேட்டாள், குறிப்பெடுத்தாள். கோப்பையை மட்டும் தொடவில்லை.

சுற்றிக் காட்டிய பையன் நன்றாகவே விளக்கினான். ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. வெயில் ஏறுவதற்குள் குலைகளை வெட்டிப் பிளாஸ்டிக் கூடைகளில் கொண்டுவந்துவிட வேண்டும். ஓர் எந்திரம் காம்பைப் பிரிக்கிறது. வெள்ளை ஒயினுக்குப் பழத்தைப் பிழிந்து சாற்றை மட்டும் எடுக்கிறார்கள். சிவப்புக்குத் தோலோடு சேர்த்தே நொதிக்க விடுகிறார்கள். நிறம் தோலிலிருந்துதான் இறங்குகிறது. ஆள் உயரத்துக்கு இரண்டு மூன்று மடங்கு எஃகுத் தொட்டிகள், அவற்றைச் சுற்றிக் குளிர்நீர் ஓடுகிறது, சூடேறிவிட்டால் வாசம் போய்விடுமாம். பாக்கெட்டில் வரும் ஈஸ்ட். பிறகு ஓக் மரப் பீப்பாய்கள். நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பங்கு சாராயச் சத்து.

"ஒயின் என்பது மண்" என்றான். சரிவில் தண்ணீர் தேங்காது, பகலில் சூடு, ராத்திரியில் குளிர், அதெல்லாம் சேர்ந்து கோப்பைக்குள் வருகிறது என்றான். கோப்பையைத் தண்டில் பிடிக்க வேண்டும், வயிற்றில் பிடித்தால் கைச்சூடு ஏறிவிடும் என்று அண்ணனின் விரல்களை அவனே திருத்தினான். நாற்று முடியும் மண்வெட்டியும் பிடித்துக் காய்த்த விரல்கள் அவை. அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டு, "புளிச்ச பழஞ்சோத்துத் தண்ணி மாதிரி இருக்கு, ஆனா கெட்டதில்ல" என்றார். நாங்கள் அதை மொழிபெயர்க்கவில்லை.

ஆலையை விட்டு வெளியே வந்து சரிவின் கீழே நடந்தபோது தகரக் கொட்டகைகள். திராட்சை வெட்டும் குடும்பங்கள் அவற்றில் இருக்கிறார்கள். பேட், சுர்காணா பக்கத்து மலைகளிலிருந்து அறுவடைக்கும் கவாத்துக்கும் இறங்கி வரும் ஆதிவாசிகள். நாசிக் திராட்சைத் தோட்டங்கள் பெரும்பாலும் இவர்கள் கைகளால்தான் நடக்கின்றன என்றார் தாயி. ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரு கூட்டமாகக் குத்தகை பேசி, வந்த பணத்தைத் தலைக்குப் பிரித்துக்கொள்கிறார்கள். மதியம் ஆகியிருந்ததால் வேலை முடிந்து பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். மேலே விற்பதைக் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா என்று தாயி மூலம் கேட்டோம். சிரித்தார்கள். "எங்களுக்கு மோஹ் இருக்கிறது" என்றாள் ஒரு கிழவி. மோஹ் என்றால் மவ்வா. நம் ஊர் இலுப்பையின் இனம். அந்தப் பூவை ஊறப்போட்டு வடிப்பது அவர்களுக்குக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் சாமிக்கும் வேண்டிய ஒன்று. "செய்தால் போலீஸ் வந்து பானையை உடைப்பான்" என்று இன்னொருத்தி சேர்த்துச் சொன்னாள். மேலே தொட்டிக்குள் நொதிப்பதைப் பார்க்கச் சீட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். கீழே பானைக்குள் நொதித்தால் வழக்கு.

இது தற்செயலாக வந்ததல்ல. பம்பாய் அரசாங்கம் மவ்வாப் பூவைச் சேர்த்து வைப்பதைக் கட்டுப்படுத்தவே 1892இல் தனிச் சட்டம் போட்டது. மக்கள் தாங்களே காய்ச்சிக் குடித்தால் ஆலைச் சாராயத்தின் வரி போய்விடும் என்பது கணக்கு. ஒயினுக்கு வேறு கணக்கு. நாசிக்கில் இன்றைய ஒயின் தொழில் 1990களின் கடைசியில் வந்தது. ராஜீவ் சாமந்த் அமெரிக்காவிலிருந்து திரும்பிக் குடும்ப நிலத்தில் 1997இல் கொடி நட்டார்; 2000இல் சூலாவின் முதல் ஒயின் வந்தது. அடுத்த ஆண்டே, 2001இல், மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் கொள்கை என்று ஒன்றைக் கொண்டுவந்து ஆயத்தீர்வைச் சலுகை கொடுத்தது, ஒயின் பூங்காக்கள் அமைத்தது. 2022 ஜனவரியில் பெரிய மளிகைக் கடைகளிலேயே ஒயின் விற்கலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. விவசாயிகளின் நன்மைக்கு என்றார்கள். அண்ணா ஹசாரே எதிர்த்தார். ஒயின் மதுவே அல்ல என்று ஆளுங்கட்சித் தலைவர்கள் வாதாடினார்கள். நாங்கள் ஒயினுக்கு எதிரிகள் அல்ல. ஆனால் விவசாயி என்ற அந்தச் சொல்லுக்குள் தகரக் கொட்டகைக் கிழவி இருக்கிறாளா என்று கேட்க வேண்டியிருக்கிறது. நிலம் யாரிடம் இருக்கிறதோ அவருடைய பானம் வேளாண் தொழிலாகிறது. நிலமில்லாதவரின் பானம் கள்ளச் சாராயமாகிறது.

திரும்பும் வழியில் திண்டோரி வட்டத்துக்குள் ஜீப்பை விட்டார் தாயி. எங்கு பார்த்தாலும் கம்பிப் பந்தலில் திராட்சை. தாதாசாகேப் கெய்க்வாட் பிறந்த வட்டம் இது. காலாராம் போராட்டத்தை ஊரில் இருந்து நடத்தியவர் அவர். அண்ணலுக்குப் பிறகு 1959இலும் 1964இலும் நிலமற்றவர்களுக்குத் தரிசு நிலம் கேட்டுச் சிறை நிரப்பும் போராட்டம் நடத்தினார். இரண்டாவது முறை லட்சக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். கோயில் கதவிலிருந்து நிலத்துக்கு வந்து சேர்ந்த அந்த வாழ்க்கையை நம் பக்கத்தில் அதிகம் பேசுவதில்லை. எங்கள் அலுவலக மேசையில் பஞ்சமி நிலம் கேட்ட மனுக்கள் தூசி படிந்து கிடக்கின்றன. அதனால்தானோ என்னவோ, பந்தல்களைப் பார்த்துக்கொண்டே வந்தபோது யாரும் பேசவில்லை.

யேவ்லாவுக்குப் பேருந்தில் போனோம். பைத்தணிப் புடவை நெய்யும் ஊர். 1935 அக்டோபர் 13 அன்று, இந்துவாகச் சாக மாட்டேன் என்று அம்பேத்கர் அறிவித்தது அங்கேதான். நினைவிடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிவந்தோம்.

ரயிலில்தான் சண்டை வந்தது. சோலாப்பூர் தாண்டியதும் அண்ணன் கள்ளைப் பற்றி ஆரம்பித்தார். அவனவன் ஊர் மண்ணைக் குடிக்கிறான், நமக்கு மட்டும் கள் குற்றம் என்றார். தாத்தா கள் குடித்தவர், எண்பது வயது வரை வரப்பு வெட்டினார் என்றார்.

"தாத்தா வரப்பு வெட்டுனாரு, சரிண்ணே. அன்னைக்கு ராத்திரி பாட்டி என்ன செஞ்சாங்க?" என்று கேட்டாள் இளையவள்.

அண்ணனிடம் பதில் இல்லை. அவளுக்குப் பேச உரிமை இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு படித்தபோது அவள் அப்பா ஈரல் கெட்டுச் செத்தார். கள்ளோ கள்ளச்சாராயமோ அல்ல. அரசாங்கக் கடையில், அரசாங்க முத்திரை ஒட்டிய குப்பியில் வாங்கிக் குடித்ததுதான். அந்தச் சாவுக்கு எந்த விசாரணைக் கமிஷனும் வராது.

தமிழ்நாட்டின் மதுக் கதை தெரிந்ததுதான், என்றாலும் வரிசையாக வைத்துப் பார்த்தோம். 1937 அக்டோபரில் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் மாகாணம் முழுக்க வந்தது. 1971இல் கலைஞர் ஆட்சி அதைத் தளர்த்தியது, சில ஆண்டுகளில் மறுபடி மூடியது. எம்.ஜி.ஆர். 1981இல் திறந்தார்; 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 1987இல் கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை வந்தது. 2003 கடைசியில் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்டது. புளிக்கத் தொடங்கிய கள்ளில் நாலைந்து சதவீதம் சாராயச் சத்து இருக்கும். கடையில் விற்கும் பிராந்தியிலும் ரம்மிலும் 42.8 சதவீதம். குறைந்ததைத் தடுத்துவிட்டு அதிகமானதை அரசே விற்கிறது என்று அண்ணன் சொல்வதில் தப்பில்லை.

ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அவர்களில் பலர் தலித் மக்கள், பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். உடம்பு வலிக்கு மாத்திரை போடுவதுபோலக் குடித்தவர்கள். கள்ளுக்கடை இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று ஒரு தரப்பு. எதுவுமே இல்லாதிருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று நம் பெண்கள். அந்த அக்டோபர் 2 அன்று உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் நடத்திய மது ஒழிப்பு மாநாட்டுக்கு எங்கள் குழுப் பெண்களில் சிலரும் போய் வந்தார்கள். பண்பாடு, மரபு என்று கள்ளுக்காகப் பேசுகிறவர்கள் மேடையில் அந்தப் பெண்களை உட்கார வைப்பதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். சண்டை தீராமலே கட்டிலைப் போட்டுப் படுத்தோம்.

சித்திரையில் தாயி ஸ்ரீவைகுண்டத்துக்கு வந்தார். உங்கள் ஊர் ஒயின் ஆலையைக் காட்டுங்கள் என்றார். வேடிக்கையாகத்தான் கேட்டார். நாங்கள் அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டோம்.

முதலில் அணைக்கட்டு. தாமிரபரணியில் கடைசி அணைக்கட்டு இது. வெள்ளைக்காரன் காலத்தில் 1870களில் கட்டி முடித்தது. வடகாலும் தென்காலும் இங்கேயிருந்து பிரிந்து நெல்லுக்கும் வாழைக்கும் போகின்றன. அந்த வயல்களில் நாற்று நட்ட கைகளும் பட்டா வைத்திருக்கும் கைகளும் வேறு வேறு என்பதைத் தாயிக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்து ஆதிச்சநல்லூர். பார்வைக்குச் சரளை மண் மேடு, அவ்வளவுதான். நூற்றுப் பதினாலு ஏக்கர் பரம்பு. 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டினார், 1899 முதல் அலெக்சாண்டர் ரியா தோண்டினார், 2004இலும் 2021இலும் தொல்லியல் துறை மறுபடி தோண்டியது. இப்போது குழிகளின் மேல் கண்ணாடி போட்டு, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே பார்க்க வைத்திருக்கிறார்கள். எங்கள் முன்னோர், எங்கள் முன்னோர் என்று இந்தப் பக்கத்தில் ஒவ்வொரு சாதியும் தாழிக்கு உரிமை கொண்டாடுகிறது. உள்ளே படுத்திருப்பவர் யாரும் சாதிச் சான்றிதழ் வாங்கி வைத்துவிட்டுப் போகவில்லை.

பிறகு நாசரேத் வழியாகத் தெற்கே இறங்கினோம். மண் சிவக்கச் சிவக்கத் தேரி தொடங்குகிறது. காற்று கொண்டுவந்து குவித்த செம்மணல் மேடுகள், முந்திரி, உடைமரம், கண்ணுக்கெட்டிய வரை பனை. வெயில் பதினொரு மணிக்கே கண்ணைக் குத்தியது. எங்களுக்குத் தெரிந்த ஒரு பனையேறியின் விடிலிக்குப் போனோம். பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசையை இங்கே விடிலி என்பார்கள். மாசி பங்குனியில் குடும்பத்தோடு வந்து இறங்கினால் பருவம் முடிகிற ஆடி வரை அதுதான் வீடு.

அண்ணாச்சிக்கு ஐம்பதுக்கு மேல். மரங்கள் அவருடையவை அல்ல, பாட்டத்துக்கு எடுத்தவை. மரத்துக்காரருக்குப் போக மிச்சம்தான் இவருக்கு. விடியுமுன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஒவ்வொரு மரமும் ஏற வேண்டும். பாளையைக் கடிப்பால் இடுக்கிப் பதமாக்கி, இழைத்துக் கட்டி, தினமும் நுனியை மெல்லிசாகச் சீவி, கலயத்தை மாட்டிவிட்டு இறங்குகிறார். ஒருநாள் சீவாமல் விட்டால் பாளை காய்ந்துபோகும். காய்ச்சல் என்று படுக்க முடியாது, சாவு வீடு என்று ஊருக்குப் போக முடியாது.

கலயத்தின் உள்ளே தடவுகிற சுண்ணாம்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. தடவினால் பதநீர். தடவாவிட்டால் மதியத்துக்குள் கள். நாசிக்கில் பாக்கெட்டில் வாங்கிப் போட்ட ஈஸ்ட்டை இங்கே காற்று சும்மா கொண்டுவந்து போட்டுவிடுகிறது.

"சுண்ணாம்பு கொறஞ்சா கள்ளுன்னு சொல்லுவாவ. கூடுனா கருப்பட்டி ருசி கெட்டுரும், யாவாரி வெலையக் கொறைப்பான். ரெண்டுக்கும் நடுவுலதான் எங்க பொழப்பு" என்றார் அண்ணாச்சி. வருஷத்துக்கு ஒருதரமாவது யாராவது வந்து கலயத்தை மோந்து பார்த்துவிட்டு, சந்தேகம் என்று கவிழ்த்துவிட்டுப் போவார்களாம். தாயி உடனே எங்களைத் திரும்பிப் பார்த்தார். மலைச்சரிவுக் கிழவி சொன்ன பானை எங்களுக்கும் நினைவுக்கு வந்தது.

உள்ளே அக்கா அடுப்படியில் இருந்தார். அகன்ற பானையில் பதநீர் கொதித்து, நுரைத்து, பொன்னிறம் மாறிக் கறுத்துக்கொண்டு வந்தது. பாகுப் பதம் வந்ததும் இறக்கிச் சிரட்டைகளில் ஊற்றிவிட வேண்டும். ஒரு நிமிஷம் தப்பினால் கருகிவிடும். ஓலைக்கூரைக்குள் புகை சுற்றிச் சுற்றி வந்தது. அவர் கண்கள் சிவந்திருந்தன, அன்றைக்கு மட்டும் சிவந்தவை அல்ல. விறகு பொறுக்குவது, காய்ச்சுவது, கருப்பட்டியை எடுத்துக் காயவைப்பது எல்லாம் அவர்தான். 'பனையேறி' என்ற சொல்லுக்குள் இந்த அடுப்புக்கு இடமில்லை. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது, பனை நம் மாநில மரம், ஆட்சியர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2021இல் அரசு அறிவித்தது. நல்லதுதான். அடுப்புப் புகைக்கு இன்னும் யாரும் ஒன்றும் அறிவிக்கவில்லை.

அண்ணாச்சி குருத்தோலையை மடித்து நுனியைக் கட்டிப் பட்டை செய்து, ஆளுக்கொன்றாகப் பதநீர் ஊற்றிக் கொடுத்தார். தாயிக்கு அவ்வளவு சந்தோஷம். கோப்பையைவிட இது அழகு என்று போட்டோ எடுத்தார். ஓலை வாசமும் இனிப்பும் லேசான சுண்ணாம்புக் காரலும் சேர்ந்து, நிஜமாகவே தொண்டையைக் குளிர வைத்தது. எங்கள் இளையவளும் இரண்டு பட்டை வாங்கிக் குடித்தாள்.

அண்ணன் மட்டும் பட்டையைக் கையில் வைத்தபடி நின்றார். பிறகு எங்களிடம் சொல்வதுபோலச் சொன்னார். சின்ன வயதில் அவர் அப்பாவோடு விறகு வெட்ட இந்தப் பக்கம் வருவாராம். விடிலியில் பதநீர் கேட்டால் கொடுப்பார்கள். மற்றவர்களுக்குச் செம்பு, இவர்களுக்குப் பட்டை. தள்ளி நின்று குடித்துவிட்டுத் தூரக் கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். டீக்கடையில் தனி டம்ளர் வருவதற்கு முன்பே எங்களுக்கான டம்ளர் பனைமரத்தில் இருந்தது என்றார்.

அண்ணாச்சி காதில் அது விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க முன்னோரையும்தான் கோயிலுக்குள்ள விடல, அண்ணாச்சி" என்றார்.

அது வரலாறு. 1849இல் கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்கள் பற்றி எழுதியதையும், கமுதி கோயில் வழக்கையும், 1899 சிவகாசிக் கலவரத்தையும் எங்களில் இருவர் வகுப்பில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். இந்தியச் சமூகவியலில் ஒரு சாதி மேலே வந்த கதைக்கு இதைத்தான் உதாரணம் காட்டுவார்கள். வணிகத்துக்கும் படிப்புக்கும் போனவர்கள் மேலே வந்தார்கள். மரத்திலேயே நின்றவர்கள் இன்னும் பாட்டத்துக்கு ஏறிக்கொண்டிருக்கிறார்கள். புத்தகத்தில் அது சரியாக இருக்கிறது. பரீட்சையில் நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது.

அண்ணன் சொன்னார்: "விடலதான். பெறகு சண்ட போட்டுப் போனிய. போன பெறகு எங்கள விட்டியளா?"

யாரும் பேசவில்லை. மொழி புரியாத தாயிகூட கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். அண்ணாச்சி, இல்லை என்று சொல்லவில்லை, ஆமாம் என்றும் சொல்லவில்லை. குடத்தை எடுத்து அண்ணனின் பட்டையில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். அண்ணன் குடித்தார். அதைச் சமாதானம் என்று எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. இரண்டு வயதானவர்கள், இருவருக்கும் நிலம் இல்லை, அந்த நேரத்தில் வெயில் கொளுத்தியது. அவ்வளவுதான் எங்களால் உறுதியாகச் சொல்ல முடியும்.

இளையவள் அடுப்படிக்குள் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாங்கள் கேட்க நினைத்ததை அவளே கேட்டாள். "அக்கா, கள்ளுக்குத் தடைய எடுத்துட்டா ஒங்களுக்கு நல்லதா?"

அக்கா பாகைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. "எனக்கு நல்லதுதான் பிள்ளே. எறக்குனதும் வித்துரலாம், அடுப்பு வேண்டாம், கண்ணு எரியாது. வெறகுக்கு அலைய வேண்டாம்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "ஆனா எங்க அம்மா காலத்துல கள்ளு உண்டும். அவ வாங்குன அடி எனக்குத் தெரியும்லா."

இளையவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். இரண்டு கிலோ கருப்பட்டி வாங்கினோம். தாயி தனியாக மூன்று கிலோ வாங்கி, நாசிக்கில் எல்லோருக்கும் கொடுப்பேன் என்றார். சாயங்கால ஏற்றத்துக்கு அண்ணாச்சி அரிவாள் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு கிளம்ப, நாங்களும் கிளம்பினோம்.

எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் மதுக்கடையை மூடச் சொல்லி ஆட்சியரிடம் கொடுக்க ஒரு மனு தயாராகிக்கொண்டிருக்கிறது. பெண்கள் குழுவில் இருநூறு கையெழுத்துக்கு மேல் சேர்ந்துவிட்டது. அதில் பனையேறிகளைப் பற்றி ஒரு பத்தி சேர்க்க வேண்டும், கலயத்தைக் கவிழ்ப்பதை நிறுத்தச் சொல்ல வேண்டும், காய்ச்சும் பெண்களுக்குப் புகையில்லாத அடுப்பு கேட்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். கள்ளுக்கான தடையை நீக்கக் கேட்பதா வேண்டாமா என்பதில்தான் ஒத்துவரவில்லை. கேட்க வேண்டும் என்கிறார் அண்ணன். அப்படி எழுதினால் என் கையெழுத்தை எடுத்துக்கொள்வேன் என்கிறாள் இளையவள். செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் மறுபடி பேசுகிறோம். அதுவரை அந்த இடத்தை மனுவில் காலியாக விட்டிருக்கிறோம்.